கிளம்புவதற்கு முந்தைய வாரம்

ஞாயிறு

அடுத்த ஞாயிறு விடியும்போது நாங்கள் சாலையில் இருப்போம். நான், அவர், அத்தை, பெரியவள், சின்னவன் என ஐந்து பேர், ஒரே காரில். சமவெளி முழுக்க ஓட்டி, மறுநாள் மலை ஏறி, சில நாள் அங்கே இருந்துவிட்டு வேறு வழியாகத் திரும்புவதாக ஏற்பாடு. பயணக் கட்டுரையை வண்டி நகரும் நாளிலிருந்து எழுதுவதுதான் வழக்கம். நான் இந்த வாரத்திலிருந்தே எழுதப் போகிறேன். கோடையில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இந்த வாரம்தான் முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

வண்டி தினமும் நன்றாகத்தானே ஓடுகிறது என்று தோன்றும். ஆனால் தினசரி ஓட்டத்தில் உள்ளே ஒருவரோ இருவரோதான் இருப்போம். அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவோம். கோடைப் பயணத்தில் முழு பாரம், முழு வெயில், மணிக்கணக்கான வேகம் மூன்றையும் சேர்த்து அதே வண்டியின் தலையில் ஏற்றுகிறோம். டயரோ பிரேக்கோ ரேடியேட்டரோ அதுவரை அப்படி ஒரு நாளைப் பார்த்தே இருக்காது. உள்ளே உட்காரும் மனிதர்கள் கதையும் அதுதான். ஐந்து வயதுப் பையனும் எழுபதைத் தாண்டிய அத்தையும் வேறு எந்த நாளிலும் எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பதில்லை. அதனால் எதைச் சரிபார்த்தாலும், 'இன்றைக்குச் சரியாக இருக்கிறதா?' என்பதோடு விடாமல், 'பாரமும் வெயிலும் சேர்ந்தால் தாங்குமா?' என்றும் கேட்பதாக நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம்.

இன்று வரைபடத்தைப் பார்த்தோம். முதல் நாள் சுமார் 400 கி.மீ. கைபேசி ஆறரை மணி நேரம் என்கிறது. அது வண்டி ஓடும் நேரம் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது கால் மணி நேரம் நிறுத்தம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி, எரிபொருள், கழிப்பறை வரிசை எல்லாம் கூட்டினால் ஒன்பதை நெருங்குகிறது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பிற்பகல் மூன்றுக்குள் சேர்ந்துவிடலாம். இரவுப் பயணம் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். நடுநிசிக்குப் பிறகு ஆறு மணி வரையிலும், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரையிலும் உடம்பு தானாகவே தூக்கத்தின் பக்கம் சாயும். தூங்கி விபத்தாவது அதிகம் நடப்பதும் இந்த நேரங்களில்தான்.

வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையும் பார்த்தோம். முதல் நாள் பாதை ஏறக்குறைய நேர் வடக்கு. காலையில் வலப்பக்க ஜன்னலில் வெயில், பிற்பகலில் இடப்பக்கம். சின்னவனின் இருக்கை காலையில் இடது ஓரம், சாப்பாட்டு நிறுத்தத்துக்குப் பிறகு வலது ஓரம். இரண்டாம் நாள் சாலை மேற்கே திரும்புகிறது. பிற்பகலில் ஓட்டினால் சூரியன் நேராகக் கண்ணில் விழும், எனவே அன்று மதியத்துக்குள் ஓட்டம் முடிய வேண்டும். முன் கண்ணாடியின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வெளிப்புறத்தை எல்லோரும் துடைப்பார்கள். எதிர்வெயிலில் பார்வையை மறைப்பது உள்ளே படிந்திருக்கும் மெல்லிய படலம்தான்.

திங்கள்

இன்று டயர் மட்டும். ஒரு மாலை முழுவதையும் அதற்கே கொடுத்தேன்.

கோடையில் டயர் வெடித்தால் வெயில்மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் உண்மையான காரணம் காற்று குறைவாக இருப்பது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் ரப்பருக்குள்ளேயே சூடு பிறக்கிறது. மேலே ஐந்து பேர் பாரம், கீழே கொதிக்கும் தார், நிற்காத வேகம் எல்லாம் சேரும்போது உள்ளே உள்ள அடுக்குகள் பிரியத் தொடங்கும். ஆகவே 'வெயில் காலம், காற்றைக் கொஞ்சம் குறைத்து அடியுங்கள்' என்று யார் அன்பாகச் சொன்னாலும் கேட்கக் கூடாது. வண்டி நிறுவனம் சொன்ன அளவுதான் அளவு.

அந்த அளவு எங்கே இருக்கிறது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில் இருக்கும். சில வண்டிகளில் எரிபொருள் மூடியின் உட்பக்கம். அதில் பெரும்பாலும் இரண்டு வரிசை உண்டு: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று. எங்கள் வண்டிக்கு முழு பாரத்தில் பின் சக்கரங்களுக்குக் கூடுதலாகக் காற்று வேண்டும். பயணத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது வரிசை. டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

அளக்கும்போது டயர் ஆறியிருக்க வேண்டும், அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். வழியில் சூடான டயரை அளந்து, அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் அது காற்று குறைந்த டயராகிவிடும். அதனால் காலையில் வீட்டிலேயே அளக்க ஒரு சின்ன அளவுமானி வாங்கி வைத்தோம். அவர் அதைக் கதவுப் பையில் போட்டுவிட்டார்.

அப்புறம் வயது. டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பெரியவள் டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து ரப்பர் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. கோடை மழை திடீரென்று இறங்கும் மலைச் சாலைக்கு அந்த எல்லை வரை காத்திருப்பது சரியில்லை என்பது என் எண்ணம். எங்கள் டயர்களில் அதைவிட இரு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஸ்டெப்னியில் மட்டும் காற்று பாதிக்கும் கீழே. தேவைப்படும் நாளில்தான் பலரும் ஸ்டெப்னியை வெளியே எடுக்கிறார்கள், தயவுசெய்து முன்பே எடுத்துப் பாருங்கள்.

செவ்வாய்

ஒர்க்ஷாப். மெக்கானிக் அண்ணா எங்கள் வண்டியைப் பல வருடமாகப் பார்க்கிறவர். "எங்கம்மா போறீங்க, எத்தனை பேரு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மலை என்றதும் நேராக பிரேக்குக்குப் போனார்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் நான்கு சதவீதத்துக்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே அந்தக் காப்பு 155-க்கு இறங்கிவிடும். சமவெளியில் அந்த வித்தியாசம் நமக்குத் தெரியவே தெரியாது. முழு பாரத்தோடு மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் சூடு ஏறி, ஆயில் கொதித்து, உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. எங்களுடையது மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால் மாற்றச் சொன்னேன். "ஏறும்போது எந்த கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்க" என்றார் அண்ணா. பழைய அறிவுரைதான், ஆனால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்போது பிரேக் ஆற நேரம் கிடைக்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் விஷயம் இன்னும் எளிது. பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை சாதாரண காற்றழுத்தத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைப்பதால் 120-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரு நொடியில் போய், உள்ளே இருப்பதெல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும். வண்டி எவ்வளவு அவசரத்தில் நின்றாலும் ஆறும் வரை மூடியைத் தொடக் கூடாது என்று பெரியவளுக்கும் சொல்லி வைத்தேன். கூலன்ட் கொஞ்சம் இனிப்பான நச்சுத் திரவம். மிச்சமிருந்த கேனைச் சின்னவன் கைக்கு எட்டாத மேல் அலமாரிக்கு அனுப்பியாயிற்று.

ஏசிக்கு வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது மூடிய சுற்றில் ஓடுவது, எரிந்து தீர்ந்துபோவதில்லை. ஓரிரு மாதத்தில் குளிர் குறைந்தால் எங்கோ கசிகிறது, கசிவைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் மட்டும். பேட்டரி, வைப்பர், பெல்ட் எல்லாம் பார்த்தார், குறையில்லை.

புதன்

எடை. இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். சில நிறுவனங்கள் காலி எடையிலேயே ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள், அதைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு வந்த எண் 420 கிலோ. ஐந்து பேரும் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றோம், 275. டிக்கியில் இடம் இருக்கும் வரை திணிக்கலாம் என்று பார்த்தால் மீதி 145 கிலோவும் ஏறிவிடும். ஆனால் மலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அந்த எல்லையில் ஓட்ட எனக்கு மனமில்லை. சாமான் மொத்தம் 80 கிலோ என்று வரையறை வைத்தோம்.

பையைத் தூக்கிக்கொண்டு கருவியில் ஏறி, அப்புறம் பை இல்லாமல் ஏறி, வித்தியாசத்தை எழுதிக்கொள்வது பெரியவள் வேலை. அவளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் பையிலேயே நான்கு ஜோடி காலணி இருந்தது தெரிந்ததும், நாங்கள் யாரும் சொல்லாமல் தானாகவே இரண்டை எடுத்து வைத்தாள்.

அடுக்கும் விதமும் எடை அளவுக்கு முக்கியம். கனமானவை கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி. லேசானவை மேலே, ஆனால் இருக்கையின் முதுகு உயரத்தைத் தாண்டாமல். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் எதையும் வைக்கக் கூடாது. 50 கி.மீ. வேகத்தில் வண்டி மோதி நின்றால், அங்கே கிடக்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் அதே வேகத்தில் முன்னால் பறக்கும். அது யார் தலையில் பட்டாலும் தன் எடையைப் போலப் பல மடங்கு பலத்தோடு படும். பாட்டில்கள் கதவுப் பையில் அல்லது காலடியில்.

பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு சற்றே நிமிரும், ஹெட்லைட் வெளிச்சமும் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் உண்டு. பாரத்துக்குத் தகுந்தபடி ஒளியைத் தாழ்த்துவதற்கு அது. இரவில் ஓட்ட மாட்டோம் என்றாலும் சுரங்கப் பாதையும் மூடுபனியும் இருக்குமே.

வியாழன்

இன்றைய நாள் மனிதர்களுக்கு. எழுத நிறைய இருக்கிறது.

சீட் பெல்ட்டில் தொடங்குகிறேன். இன்று எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்துக்காக உருவாக்கியவர் நீல்ஸ் போலின். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ திறந்துவிட்டது. இது வளர்ந்தவர் உடம்புக்கு அளவெடுத்தது. கீழ்ப் பட்டை இடுப்பு எலும்பில் படிய வேண்டும், மேல் பட்டை தோளின் நடுவில் போக வேண்டும். சின்னவன் நேராக இருக்கையில் உட்கார்ந்தால் கீழ்ப் பட்டை வயிற்றிலும் மேல் பட்டை கழுத்திலும் விழுகிறது. மோதலில் அது காக்க வேண்டிய இடத்திலேயே காயப்படுத்தும். அதனால் குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும், முதுகு உள்ள பூஸ்டர் இருக்கை. 150 செ.மீ. உயரம் வரை (சில நாடுகளில் 135) இது தேவை என்பது ஐரோப்பிய விதி. பெரியவள் அதைத் தாண்டிவிட்டாள். இருந்தாலும் முதுகு முழுக்கச் சாய்ந்து, முழங்கால் இருக்கை ஓரத்தில் மடங்குகிறதா என்று உட்காரவைத்துப் பார்த்தோம். மடங்குகிறது.

சின்னவனுக்கு வளைவுகளில் குமட்டும். நடப்பது என்னவென்றால், உள்காது 'நகர்கிறோம்' என்கிறது, புத்தகத்தையோ திரையையோ பார்க்கும் கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு செய்தியும் பொருந்தாததால் வயிறு புரள்கிறது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இது அதிகம். மலைப் பகுதியில் திரை கிடையாது. அவன் பூஸ்டரில் உயரமாக உட்கார்வதால் முன் கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்க முடியும், அதுவே பாதி மருந்து. வயிறு காலியாகவும் வேண்டாம், நிறையவும் வேண்டாம். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு அளவு எழுதி வாங்கிவிட்டோம். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்தால்தான் பலன், குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. அந்த வகை மாத்திரைகள் தூக்கம் வரவைப்பவை, ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

அத்தையோடு தனியாக உட்கார்ந்து பேசினேன். பயண நாளில் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் கேட்டால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றுவார். இன்று விடாமல் கேட்டேன். "என் ஒருத்திக்காக எத்தனை தடவை வண்டியை நிறுத்துவீங்க?" என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. "அத்தை, நிறுத்துறதைத்தான் முதல்ல முடிவு பண்ணியிருக்கோம், ஓட்டுறதை அதுக்கப்புறம்தான்" என்று சொல்லி, ஞாயிறு போட்ட வரைபடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் குறித்திருக்கிறோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். "அப்ப இங்கயும் இருக்கா, இங்கயும் இருக்கா" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். வீட்டுப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் வாயைத் திறக்காமல் தாகத்தோடு வருகிறார்கள். நாமாகக் கேட்டால்தான் தெரியும்.

தண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானம் மட்டுமல்ல, கார், பேருந்து, ரயிலுக்கும் அது பொருந்தும். மொத்தத்தில் ஆபத்து சிறியதுதான், சுமார் ஆறாயிரத்தில் ஒருவர். ஆனால் வயதும் எடையும் ஏற ஏற அது கூடும். நிறுத்தத்தில் இறங்கி நடப்பது, வண்டிக்குள் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது இரண்டும் போதும். எண்ணிச் செய்ய வைப்பது சின்னவன் பொறுப்பு. அவனுக்கு இப்போது நூறு வரை எண்ணுவது பிடிக்கும்.

அத்தைக்கு இன்சுலின் உண்டு. நின்ற காரில் அதை விட்டுவிட்டால் வெப்பத்தில் கெடும், பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து கெடும். அதனால் குளிர்ப் பைக்குள் துணி சுற்றி, ஐஸ் படாமல் வைத்து, என் கைப்பையோடு எங்கே போனாலும் கூடவே வரும். மருந்துகள் பயண நாட்களைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். மருந்துச் சீட்டின் படம் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது.

கடைசியாக ஒரு விதி. நின்ற காரில் யாரும், ஒரு நிமிடத்துக்குக்கூட, தனியாக இருக்கக் கூடாது. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில் மூடிய காரின் உள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தது ஏறக்குறைய எந்த உதவியும் செய்யவில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட மிக வேகமாகச் சூடாகும். 'தூங்குறான், எழுப்ப வேண்டாம், அஞ்சு நிமிஷம்தானே' என்ற வாக்கியம் எங்கள் பயணத்தில் வரவே கூடாது. வண்டி நின்றால் பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் யாரும் நகர வேண்டும்.

வெள்ளி

மாலையில் பெரியவளுக்கு டயர் மாற்றக் கற்றுக்கொடுத்தோம். பதின்மூன்று வயது, கைப்பிடியில் ஏறி நின்றால்தான் நட் அசைகிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும், பிறகுதான் ஜாக்கி. மாட்டும்போது பக்கத்துப் பக்கத்து நட்டாக இல்லாமல் எதிரெதிராக முறுக்க வேண்டும். பூட்டு நட் இருக்கும் வண்டி என்றால் அதன் சாவி எங்கே என்று இன்றே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஸ்டெப்னி முழு அளவு. மெலிந்த தற்காலிக வகையாக இருந்தால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது, முதலில் கிடைக்கும் பஞ்சர் கடையிலேயே நிற்க வேண்டும்.

முக்கோண எச்சரிக்கைப் பலகை டிக்கியில், எல்லாவற்றுக்கும் மேலே. ஒளிரும் மேலங்கிகள் வண்டிக்குள், கை எட்டும் இடத்தில். அதைப் போட்டுக்கொண்டு இறங்குவதற்குத்தான் அது, இறங்கி டிக்கியைத் திறந்து தேடுவதற்கு அல்ல.

கை முழுக்கக் கறையோடு படியில் உட்கார்ந்திருந்தபோது பெரியவளுக்கு பெர்த்தா பென்ஸ் பற்றிச் சொன்னேன். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், மகன்கள் ஓய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தன் அம்மாவைப் பார்க்க ஃபோர்ட்ஸ்ஹைம் வரை போனவர். மூன்று சக்கர மோட்டார் வண்டி, 100 கி.மீ.-க்குச் சற்று மேல். எரிபொருள் நிலையம் என்று ஒன்றே உலகில் இல்லை. வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற துப்புரவுத் திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் ஒட்டச் சொன்னார். எஞ்சினைக் குளிர்விக்க வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மேடுகளில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அந்த அனுபவத்தைக் கேட்ட பிறகு கார்ல் மேடேறுவதற்கென்று இன்னொரு கியரைச் சேர்த்தார்.

"அப்ப உலகத்துலயே முதல் லாங் டிரைவ் ஒரு அம்மாவும் பிள்ளைங்களும் போனதாம்மா? அதுவும் லீவுல, பாட்டி வீட்டுக்கு?" என்றாள். ஆமாம், அதுவும் கோடையில். பிரேக், எரிபொருள், குளிர்விக்கும் தண்ணீர், மேடு என்று நாங்கள் இந்த வாரம் கையில் எடுத்த ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் நடுவழியில் கண்டுபிடித்துச் சமாளித்திருக்கிறார். எவ்வளவு பெரிய தைரியம்! பெரியவள் இரவு முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு எல்லாம் அசலும் நகலும் ஒரே உறையில். வரைபடம் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கியாயிற்று. முக்கிய எண்களைத் தாளிலும் எழுதி வைத்தேன், கைபேசியில் சார்ஜ் போனால் யாருக்கும் யார் எண்ணும் நினைவில் இருக்காது. 112 பெரும்பாலான நாடுகளில் கைபேசியிலிருந்து அவசர உதவிக்குப் போகும் என்பதைச் சின்னவன்கூட மனப்பாடமாகச் சொல்கிறான்.

சனி

இன்றைக்கு வேலை குறைவாக இருக்க வேண்டும் என்றே வாரம் முழுக்க ஓடினோம். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணி வரை பெட்டி கட்டி, மூன்று மணி நேரம் தூங்கி, நான்கு மணிக்கு ஸ்டியரிங் பிடிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இந்த ஒரு பழக்கம் மாறினால் போதும் என்று எனக்கு ஆசை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டுவது குற்றம். டயரையும் பிரேக்கையும் இவ்வளவு பார்த்துவிட்டு, அவற்றை இயக்கப் போகிறவரைத் தூங்காமல் அனுப்புவதில் அர்த்தமே இல்லை.

மதியத்துக்குள் டிக்கி அடுக்கி முடித்தோம். மொத்தம் 76 கிலோ. எரிபொருள் நிரப்பினோம், வழியில் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே போவதாகத் திட்டம், மலையில் அடுத்த நிலையம் எங்கே என்று சொல்ல முடியாது. முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டேன். காற்றை ஆறிய டயரில் முழு பாரத்துக்கான அளவுக்கு வைத்து, ஸ்டெப்னியையும் பார்த்தாயிற்று. வழியில் தின்னப் பழமும் உலர்ந்த தின்பண்டமும், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலும். அத்தை தன் பாட்டிலைத் தானே நிரப்பி வைத்திருக்கிறார்.

ஓட்டும் முறையும் முடிவாகிவிட்டது. முதல் இரண்டு மணி நேரம் அவர், அடுத்து நான், அப்படியே மாற்றி மாற்றி. கண் சொருகுகிறது என்று ஓட்டுகிறவர் சொன்னாலும் சரி, பக்கத்தில் இருப்பவருக்குத் தோன்றினாலும் சரி, வாதம் இல்லை, அடுத்த பாதுகாப்பான இடத்தில் வண்டி நிற்கும். காபி குடித்தால் வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு எழுவது நல்லது. மூடிய காற்றோட்டத்தில் ஐந்து பேர் மூச்சு விட்டால் உள்ளே காற்று கனத்து மந்தமாகிவிடும், அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுவது முன் இருக்கையில் இருப்பவர் வேலை.

மலையில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம். மழையோ, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவதோ எதுவாக இருந்தாலும், அன்றைக்கே ஓட்டித் தீர வேண்டும் என்ற நெருக்கடி வராது. திரும்பி வந்த மறுநாளும் யாருக்கும் வேலையோ வகுப்போ இல்லாதபடி பார்த்துக்கொண்டோம்.

மணி எட்டரை. அவரும் பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள், நானும் ஒன்பதுக்குள் படுத்துவிடுவேன். நாளை மாலை, தங்கும் இடத்தில் எல்லோரும் குளித்துச் சாப்பிட்ட பிறகு, சாலையைப் பற்றி எழுதுகிறேன்.